இரண்டு வரி இடம்

எழுத்தாளர் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தால், கடைசியில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்காமல் விடுவதில்லை: "அம்மா, தெனமும் நாட்குறிப்பு எழுதுனா எழுத்தாளருக்கு என்ன நன்மை?" கண் கூர்மையாகும், கை பழகும், ஜனங்களின் பேச்சு பேச்சாகவே காதில் தங்கும் என்று நானும் சொல்லிவிட்டு உட்காருவேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நாட்குறிப்பு என்றால் எனக்கு ஜப்பான்காரன் காலத்து மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கும், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அக்காவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்த அக்காவின் நோட்டு என் புருஷனைக் கொல்லப் பார்த்தது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாத மனுஷி. நான் இதை எழுதுவதே அவருக்குப் பிடித்திருக்காது. உயரமாக, ஒல்லியாக இருப்பார். கொண்டையில் பூ இருக்காது, பென்சில் இருக்கும். புருஷன் இறந்த பிறகு தையல் மெஷினை நம்பிப் பிழைத்தார். ஜப்பான் சண்டை வருவதற்கு முன்னால் பத்திரிகைகளில் ஆண் பெயரில் கதைகள் எழுதியவர் என்பது அந்தத் தெருவில் எனக்கும் இன்னும் ஓரிருவருக்கும்தான் தெரியும். பத்திரிகைகள் நின்றன. அவர் நிற்கவில்லை. சட்டை வெட்டும் பழுப்புக் காகிதம், பழைய காலண்டரின் பின்பக்கம், கருவாடு சுற்றி வந்த தாள், எது கிடைத்தாலும் ஒரே அளவாக வெட்டி, ஊசியால் தைத்து நோட்டாக்கி, நாள் தவறாமல் எழுதினார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். "பாத்ததை எழுது, கேட்டதை எழுது. நெனச்சதை எழுதாதே. நடக்காததை எழுதவே எழுதாதே." கதைக்காரி பேசுகிற பேச்சா இது என்று சிரிப்பேன். "கதையில வேணும்னா பொய் சொல்லிக்கலாம். நோட்டுல பொய் எழுதிட்டா அப்புறம் கதையில உண்மை எங்கேர்ந்து வரும்?" என்பார். வாய்ப்பேச்சிலும் அவருக்குப் பொய் வராது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்லுவார்.

சில நாட்கள் சாயங்காலத்தில் எனக்குப் படித்துக் காட்டுவார். 'பாசாரில் மீன் வாசனை இருந்தது. மீன் இல்லை.' 'எதிர்வீட்டுச் செட்டியம்மா கோழியையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் மலாயில் திட்டினார்.' எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் மலாக்காச் செட்டிகள்; சாமி கும்பிடுவது நம்மைப்போல, பேசுவது மலாய். தெருக்குழாயில் இரண்டு பெண்கள் போட்ட சண்டையை ஒரு வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார். ஒரு நாள் இதையும் படித்தார்: 'பக்கத்து வீட்டுப் பெண் மரவள்ளிக்கிழங்கை வேகும் முன்பே இறக்கினாள். புருஷன் ஒன்றும் சொல்லாமல் தின்றான். அவள் திரும்பியபோது கோழிக்குப் போட்டான்.'

எனக்கு வந்ததே கோபம்! புருஷன் மேல் பாதி, அவர் மேல் பாதி. இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிழங்கை நன்றாக வேகவைத்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் எழுதினார், 'உப்பு இல்லை' என்று. அந்தக் காலத்தில் உப்புக்கு எங்கே போவது?

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் தெருவுக்கும் லாரி வந்தது. அன்றைய பக்கத்தை நான் பிற்பாடு படித்தேன்: 'பக்கத்து வீட்டுக்காரன் லாரியில் ஏறுமுன் மரச்செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தான். லாரி போன பிறகும் அவள் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.' நான் அழுதேன், மண்ணில் விழுந்து புரண்டேன். அதையெல்லாம் அவர் எழுதவில்லை. அந்தச் செருப்பு ஒன்றே போதும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் என் புருஷன் திரும்பி வந்துவிட்டார். தம்பின் ஊரில் லாரி மாற்றும்போது குதித்து, ரப்பர் மரக் கித்தாக் காட்டுக்குள் புகுந்து, மழையில் நனைந்தபடியே நடந்து வந்திருந்தார். வீட்டுப் பரணில் ஏற்றினேன். அத்தாப்பு ஓலைக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே உட்காரலாம், நிற்க முடியாது. ஓடிப்போனவன் அகப்பட்டால் அவனுக்கும் வீட்டாருக்கும் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். காட்டிலிருந்து அவர் கொண்டு வந்தது இருமல் ஒன்றுதான். வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுவார். எங்கள் வீட்டுச் சுவரோ வெறும் பலகை.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் அக்கா வேலியோரம் வந்து, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்:

"அந்தச் செருப்பை எதுக்கு உள்ள எடுத்து வெச்சே? பழையபடி வாசல்ல போடு."

சந்தோஷத்தில் நான்தான் அதை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்திருந்தேன். தெருவில் எத்தனை பேர் நடந்தார்கள், யாருக்கும் கண்ணில் படவில்லை. இவருக்குப் பட்டது.

"அக்கா, நோட்டுல எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எழுதாதீங்க. அந்த நோட்டையே அடுப்புல போடுங்க. உங்க கால்ல விழறேன்."

"போட மாட்டேன். இதெல்லாம் நடந்ததுன்னு நாளைக்கு ஒருத்தனும் நம்ப மாட்டான். அன்னன்னைக்கு எழுதுனது இருந்தாத்தான் நம்புவான். உன் வீட்டை மட்டும் விட்டுடறேன்."

"விட்டா சந்தேகம் வராதா? நான் அவரை நெனச்சு அழுதேன்னு ஒரு வரி போடுங்களேன்."

"நீ அழலையே. நேத்து ராத்திரியிலேர்ந்து உன் முகம் வேற மாதிரி இருக்கு."

இப்படிப்பட்ட மனுஷியை என்ன செய்ய! அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிகுண்டை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்தேன். போதாக்குறைக்கு அவருடைய மெஷின் வேறு. ஊரில் நூலே கிடையாது. கோணிச் சாக்கை அன்னாசி நாரால் கையில்தான் தைத்து உடுத்திக்கொண்டோம்; அந்த நார் மெஷினில் ஓடாது. இவர் மட்டும் பகலெல்லாம் நினைத்து நினைத்து கடகடவென்று மெஷினை மிதிப்பார். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் தலையில் ஆணி அடித்தது.

ஒன்றரை மாதம் இருக்கும். தீப்பெட்டி கிடைக்காத காலம் என்பதால் நெருப்புக்கு அக்கா வீட்டுக்குத்தான் போவேன். ஒரு நாள் காலை, தேங்காய் மட்டையில் தணல் எடுத்துக்கொண்டு அவர் அடுப்படியில் நின்றேன். முன்வாசலில் பூட்ஸ் சத்தம். ஓடிப்போனவர்களைத் தேடி வீடு வீடாக வந்த ஜப்பான் அதிகாரி, ஒரு சிப்பாய், கூடவே துபாஷி. துபாஷி நம் தமிழன்தான். ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு அவர்களிடம் வேலைக்குப் போனவன். எப்போதும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் பெண் என்று யாரோ அக்காவைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கதவிடுக்கில் பார்த்தேன். நோட்டுகளைத் துபாஷி மெஷின் மேல் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். அவசரமே இல்லை. கோழிக்குக் கிழங்கு போட்டதைப் படித்துவிட்டுச் சிரித்தான். அவன் ஒரு காலத்தில் கதைகள் வாசித்தவன் என்பது அவன் தாளைத் திருப்பும் விதத்திலேயே தெரிந்தது. திடீரென்று சிரிப்பு நின்றது.

"இந்தக் கெழங்குப் பொண்ணு எங்கம்மா? தெனமும் இருந்தா. லாரி வந்த அன்னைக்கும் இருந்தா, அப்புறம் ஒரு வாரமும் இருந்தா. அதோட காணோம். செத்துட்டாளா?"

அக்கா மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதுவும் போகட்டும். கருவாட்டுத் தாள்லகூட மூலை விடாம எழுதுறீங்க. அந்தப் பொண்ணு காணாமப்போன நாள்லேர்ந்து ஒவ்வொரு நாளுக்கும் அடியில ரெண்டு வரி எடம் காலியா இருக்கே. எதுக்கு?"

அப்போதுதான் எனக்கே தெரியும். எங்கள் வீட்டைப் பற்றி எழுத மாட்டேன் என்றவர், எழுதாததற்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். நடந்ததை மறைத்து இடைவெளி தெரியாமல் எழுதினால் அதுவும் பொய்யாகிவிடுமாம். காகிதம் கிடைக்காத ஊரில், நாளுக்கு இரண்டு வரி வெள்ளையாக!

"என்னம்மா, கேக்குறேன்ல?"

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். பொய் சொல்லிப் பழகாத வாய் அது. அதிகாரி கத்தியின் பிடியில் கையை வைத்தபடி ஏதோ கேட்டான். இன்னும் ஒரு நிமிஷம் அந்த மௌனம் நீடித்தால் அடுத்து எங்கள் பரண்தான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தணல் மட்டையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நான்தான் அந்தக் கெழங்குப் பொண்ணு! எழுதக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்! என் வீட்டைப் பத்தி இன்னொரு எழுத்து எழுதுனே, கைய ஒடிச்சு அடுப்புல வெப்பேன்னு சொன்னேன்! எனக்குக் கெழங்கு வேக வெக்கத் தெரியலைன்னு தெருவுக்கே படிச்சுக் காட்டுறாளே, இவ விளங்குவாளா? எடம் விட்டு வெச்சிருக்கா பாருங்க ஐயா, நான் செத்த பெறகு எழுதலாம்னு!"

என்னைவிட இருபது வயது மூத்தவரை 'அவள், இவள்' என்கிறேன். நிறுத்தினால் அகப்பட்டுவிடுவேன் என்ற பயத்தில் நிறுத்தவே இல்லை. என் சரக்கு தீர்ந்ததும், அவர் எனக்குப் படித்துக் காட்டிய குழாயடிச் சண்டை தானாக வாயில் வந்தது. "லோங்கான் சாக்கடைத் தண்ணிய மோந்து ஊத்துனாலும் உன் வாய் சுத்தமாவாதுடி!" என்றேன்.

துபாஷி என்னைப் பார்த்தான். பிறகு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினான். குழாயடிச் சண்டையை அவன் சற்று முன்னால்தான் படித்திருக்க வேண்டும். ஒரு வரியில் விரலை வைத்து, மறுபடியும் என்னைப் பார்த்தான். என் உயிர் அந்த விரல் நுனியில் நின்றது.

அவன் அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அதிகாரி சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்து, கத்தியதற்காக என்னை ஓர் அறை அறைந்தான். தணல் சிதறிக் கால் சுட்டது. கிளம்பும்போது துபாஷி அக்காவிடம் மெதுவாகச் சொன்னான்: "இனிமே எடம் விட்டு எழுதாதீங்கம்மா. நான் திரும்ப வந்து பாப்பேன்." எங்கள் வாசலில் அதிகாரி நின்றான். மழையில் கிடந்து பச்சைப் பாசி பிடித்த மரச்செருப்பைப் பூட்ஸால் தள்ளிப் பார்த்தான். துபாஷி கையை லாரி போன திசையில் ஆட்டி என்னவோ சொல்ல, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவன் தெரிந்துதான் விட்டானா, தெரியாமல் விட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "சண்டைன்னு எழுதுங்க. இப்பவே எழுதுங்க. தெனமும் எழுதுங்க" என்றேன்.

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். "இன்னைக்கு நடந்தது, எழுதிடறேன். நாளைக்குச் சண்டை நடக்காம எப்படி எழுதுறது?"

"அக்கா!"

"நீ தெனம் வேலிக்கு வா. வந்து சண்டை போடு. நடந்தா எழுதுறேன்."

சொன்னால் சிரிப்பீர்கள். அடுத்த ஒன்றேமுக்கால் வருஷம், குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்ததும் நாங்கள் இருவரும் வேலியடியில் நின்று சண்டை போட்டோம். கோழி வந்தது, வாழையிலை சாய்ந்தது, சாம்பல் பறந்தது என்று நாளுக்கு ஒரு காரணம். தெரு வேடிக்கை பார்க்கும். செட்டியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து, "சூடா, சூடா!" என்று மலாயில் போதும் போதும் என்பார். நான் திட்டுவேன். அக்காவுக்குத் திட்டவும் வராது. உண்மையான குறையாகப் பார்த்து ஒன்றிரண்டு சொல்லுவார், அதுதான் அதிகமாக வலிக்கும். பிறகு உள்ளே போய் எழுதுவார். அடுத்தவர் காதில் விழுமாறு எப்படிப் பேசுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் நான் பழகியது அந்த வேலியில்தான். சண்டைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒளிந்து பேசினால் யாராவது பார்ப்பார்கள்; அக்காவைப் பற்றிச் சொல்லி வைத்த அந்த யாரோ தெருவிலேயேதான் இருந்தார்.

துபாஷி சொன்னபடி வந்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, தனியாக. அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, சுருட்டைப் பற்ற வைத்து, விட்ட இடத்திலிருந்து சண்டைகளை வாசிப்பான். சில இடத்தில் சிரிப்பான். எங்கள் பரணுக்கும் அவனுக்கும் பத்தடி. அவன் எழுந்து போகும்வரை நான் முற்றத்தில் ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மட்டும் நான் நிஜமாகவே சண்டை போட்டேன். பரணில் அவருக்குக் காய்ச்சல். மருந்தில்லை. அக்கா வீட்டு மெஷினோ காலையிலிருந்து ஓய்வே இல்லாமல் கடகடக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு முழம் நூலில்லாத ஊர்ல எதுக்குடி அந்த மெஷினைப் போட்டு இந்த ஓட்டு ஓட்டுறே? பக்கத்துல மனுஷங்க இருக்க வேணாமா? கை கால் வெளங்காமப் போக!"

வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அக்கா பதில் குறை ஒன்றும் சொல்லவில்லை. "எழுதிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மெஷின் மறுபடியும் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் தோற்பதற்குச் சில வாரம் முன்பு அக்கா காய்ச்சலில் படுத்தார். செட்டியம்மாதான் கஞ்சி கொடுத்தார். நான் போகவில்லை. எதிரி எப்படி உள்ளே போவாள்? உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். தினமும் வேலிக்குப் போய் நான் மட்டும் கத்திவிட்டு வந்தேன். ஒரு நாள் கத்தும்போது செட்டியம்மா வெளியே வந்து, சூடா என்று சொல்லாமல் சும்மா கையை அசைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. சாவு வீட்டில்கூட நான் வாசலுக்கு வெளியே நின்றேன். "செத்த பிறகுமா பகை?" என்று ஒருத்தி காதில் படும்படி சொன்னாள். அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது.

ஜப்பான்காரன் போனான். துபாஷி ஊரைவிட்டே காணாமல் போனான். என் புருஷன் பரணிலிருந்து இறங்கி, கூன் விழுந்த முதுகோடு, வாசலில் வெயிலில் உட்கார்ந்தார். அந்த வாரம் மூவார் ஊரிலிருந்து அக்காவின் தம்பி மெஷினை எடுத்துப்போக வந்தார். நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "சண்டை போடுறவ கிட்ட கொடுத்துடுன்னு சொல்லியிருந்தாங்களாம்" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கணும். இந்த மெஷின்ல ஊசியே இல்லையே. துருவைப் பாத்தா ஊசி போட்டு வருஷமாச்சு போல. அக்கா என்னத்தைத் தெச்சாங்க?" என்றார்.

நான் விழித்தேன். என் புருஷன்தான் வெயிலிலிருந்து பதில் சொன்னார்.

"நான் இருமுனா ஓடும். கொஞ்ச நாள் போனப்புறம், அது ஓடுற வரைக்கும் அடக்கி வெச்சிக்கிட்டுத்தான் இருமுவேன். நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சதுன்னுல்ல நெனச்சேன்?"

அன்று நான் அழுத அழுகையை அக்கா பார்த்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. 'பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். எழுந்து போக முடியவில்லை. அவள் தனியாகவே சண்டை போட்டாள். குரல் உடைந்தது.' மெஷினைப் பற்றி நான் கத்திய பக்கத்தைத் தேடி எடுத்தேன். நான் சொன்னது முழுவதும், அந்தக் கடைசிச் சாபம் உட்பட, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. ஏன் ஓட்டினார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

பிறகு துபாஷி புரட்டிய அந்தப் பழைய நோட்டைப் பிரித்தேன். என் புருஷன் திரும்பி வந்த மறுநாளுக்கு அடியில் இரண்டு வரி வெள்ளையாக இருந்தது. அடுத்த நாளுக்கும் இரண்டு வரி. அக்காவின் பென்சில் நோட்டுக்குள்ளேயே இருந்தது. அதுவரை நான் கடிதம் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் எண்ணிக்கை போடவில்லை. கேட்டதை மட்டும் எழுதினேன்.

'மேலே அவர் இருமினார்.
பக்கத்து வீட்டில் மெஷின் ஓடியது.'

சரியாக இரண்டு வரி. வெள்ளையாகக் கிடந்த நாற்பத்து மூன்று நாளுக்கும் அதையே எழுதினேன்.